மணிக்கட்டை ஏன் பிடிக்கிறார்கள்?

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் முதுகுவலி வந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வராமல் என்ன செய்யும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வட்டார விளையாட்டரங்கம் ஒன்று இருந்தது. செவ்வாய், வெள்ளி மாலைகளில் அங்கே ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பு. கட்டணமும் குறைவு. சேர்ந்துவிட்டேன். சாமுராய் கனவெல்லாம் எனக்குக் கிடையாது.

முதல் நாள் எனக்கு ஜோடியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. குனிந்து வணங்கினார், வலக்கையை நீட்டினார், "பிடியுங்கள்" என்றார். பிடித்தேன். அடுத்த நொடி பாயில் குப்புறக் கிடந்தேன். எழுந்து மறுபடி பிடித்தேன், மறுபடி பாய். பத்துத் தடவை விழுந்து எழுந்தபின் வலியைவிட ஒரு சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. சண்டைக்கு வருகிறவன் எவனாவது மணிக்கட்டைப் பிடிப்பானா? எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நான் பார்த்த சண்டைகளில் சட்டையைப் பிடிப்பார்கள், அறைவார்கள், கையில் அகப்பட்டதை எடுத்து எறிவார்கள். மணிக்கட்டைப் பிடித்து நான் பார்த்ததெல்லாம் கல்யாண மேடையில்தான்.

இது மட்டுமில்லை. ஐகிடோவில் அடிக்கிற விதமும் விசித்திரம். கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை நீட்டியபடி, எதிராளியின் உச்சந்தலையை நோக்கி நேர்கோட்டில் இறக்க வேண்டும். இப்படி ஓர் அடி வருவதற்குள் எதிரே இருப்பவர் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அப்புறம் முழங்காலிட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து, உட்கார்ந்தபடியே ஆளைத் தள்ளும் பயிற்சி வேறு. முதுகுவலி போய் முழங்கால்வலி வந்தது.

நான்கு மாதம் இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஆசிரியரிடம் 'ஏன்' என்று கேட்பது அவ்வளவு சாதாரணமில்லை. "செய்துகொண்டே இருங்கள், புரியும்" என்பதுதான் வழக்கமான பதில். ஒரு வெள்ளிக்கிழமை எப்படியோ கேட்டுவிட்டேன். சென்செய், அதாவது ஆசிரியர், பதில் சொல்லவில்லை. சுவரோரம் போய் ஒரு மரவாளை எடுத்து வந்து, என் இடுப்புப் பட்டையில் இடப்பக்கமாகச் செருகினார். "உருவுங்கள்" என்றார். வலக்கை பிடியை நோக்கிப் போனது. பாதி வழியில் என் வலது மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார். அவ்வளவுதான், வாள் இருந்தும் இல்லாத மாதிரி.

"இப்போது என்ன செய்வீர்கள்?"

என்ன செய்வேன் என்பதற்கான விடைதான், நான்கு மாதமாக அந்த அம்மா என்னைக் கீழே போட்டுக்கொண்டிருந்த அத்தனை உத்திகளும். பிடித்தவன் சும்மா வம்புக்கு வந்தவன் இல்லை. பிடிக்காவிட்டால் வெட்டுப்படுவான், அதனால் பிடிக்கிறான். மணிக்கட்டு விடுபட்டால் எனக்கு வாள், விடுபடாவிட்டால் அவனுக்கு உயிர். வெறுங்கையாகப் பார்த்தால் அபத்தமாகத் தெரிந்தது, இடுப்பில் ஒரு வாளைச் செருகியதும் அர்த்தமாகிவிட்டது.

உச்சந்தலை அடியும் அப்படித்தான். அது கையடியே இல்லை, வாள்வெட்டு. கையின் விளிம்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தெகத்தானா'. 'தெ' என்றால் கை, 'கத்தானா' என்றால் வாள். (கத்தி, கத்தானா என்று யாரும் உடனே ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். அந்த மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் ஏற்கெனவே போதுமான அளவு சுற்றுகின்றன.) உட்கார்ந்து செய்கிற பயிற்சிக்கும் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பிறர் வீட்டுக்குப் போகும் சாமுராய் நீண்ட வாளை வாசலில் கொடுத்துவிடுவார், அல்லது உட்காரும்போது தன் வலப்பக்கம் வைப்பார். வலப்பக்கம் இருந்தால் வலக்கையால் சட்டென்று உருவ முடியாது, 'உங்களை வெட்ட வரவில்லை' என்பதற்கு அது அடையாளம். இடுப்பில் குட்டை வாள் மட்டும் இருக்கும். எல்லோரும் பாயில் மண்டியிட்டு அமர்ந்திருக்கும் அறையில் தகராறு வந்தால் எழுந்து நிற்க நேரம் ஏது?

அன்றிலிருந்து ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் 'வெறுங்கை', 'ஆயுதம்' என்று இரண்டு தனி அலமாரிகள் இருப்பதாக நான் நினைத்திருந்தது ஆட்டம் கண்டது. ஜூடோ, ஐகிடோ ஒரு பக்கம், கெண்டோ என்னும் வாள்வீச்சு, இயாய்டோ என்னும் வாளுருவல், வில் எல்லாம் இன்னொரு பக்கம் என்றுதான் இணையத்தில் பட்டியல் போடுவார்கள். பழைய ஆட்கள் அப்படிப் பிரித்திருக்கவில்லை.

ஜூஜுட்சுவின் ஆதிப் பள்ளிகளில் ஒன்று தக்கெனோஉச்சி-ர்யூ. 1532 இல், இன்றைய ஒக்காயாமா பகுதியில் தோன்றியது. ஜூஜுட்சு என்றதும் வெறுங்கை மல்யுத்தம் என்று நினைப்போம். ஆனால் இந்தப் பள்ளியின் அடிப்படையே குட்டை வாளை வைத்துக்கொண்டு நெருங்கிச் சண்டையிடுவதுதான். காரணம் கவசம். இரும்பும் தோலும் கோத்த கவசம் போட்டவனைக் குத்தினால் உங்கள் கைதான் உடையும். அவனை நிலைகுலைத்துக் கீழே தள்ள வேண்டும், மூட்டை மடக்க வேண்டும், அப்புறம் அக்குளிலோ கழுத்திலோ கவசம் மூடாத இடுக்கைத் தேடிக் குட்டை வாளைச் செருக வேண்டும். கீழே தள்ளுவதும் மடக்குவதும் முன்வேலை, கத்திதான் முடிவு. ஜப்பானியக் கலைகளில் குத்தும் உதையும் குறைந்து எறிதலும் மடக்குதலும் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

போர்க்களத்தில் வாள் அவ்வளவு முக்கியமான ஆயுதமும் இல்லை. வில்லும் ஈட்டியும்தான் முதலில், பிறகு துப்பாக்கி. வீரனின் வழிக்குப் பழைய பெயர் 'வில்லும் குதிரையும் கொண்ட வழி'. 'வாளே சாமுராயின் ஆன்மா' என்கிற பேச்சு ஓங்கியது தொக்குகாவா குலத்து ஷோகுன்கள் (ராணுவ ஆட்சியாளர்கள்) ஆண்ட நீண்ட அமைதிக் காலத்தில். சண்டை இல்லாத காலத்தில் இடுப்பில் மிஞ்சியது வாள் மட்டும், அதனால் புகழும் அதற்கே போனது.

அந்தக் காலத்துப் பள்ளி ஒன்றின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். சிபா மாவட்டத்தில் கத்தோரி கோயிலை ஒட்டி வளர்ந்த தென்ஷின் ஷோதென் கத்தோரி ஷிந்தோ-ர்யூ, 15ஆம் நூற்றாண்டில் இய்சாசா இயெனாவோ தொடங்கியது, இன்னும் நடக்கிறது. வாள்வீச்சு, உறையிலிருந்து உருவி வெட்டுவது, நீண்ட கம்பு, ஈட்டி, நகினாத்தா என்னும் நீண்ட காம்புள்ள வளைந்த கத்தி, எறிகத்தி, வெறுங்கை, எல்லாம் ஒரே பள்ளிக்குள். கைக்கு எது கிடைத்தாலும் உடம்பு அசையும் விதம் ஒன்றே என்பது அவர்கள் கணக்கு. சேரும்போது விரலில் ரத்தம் எடுத்து உறுதிமொழியில் ஒற்ற வேண்டும். நான் சேர்ந்த இடத்தில் ஒரு விண்ணப்பமும் இரண்டு புகைப்படமும் போதுமானதாக இருந்தது.

வாளைக் கையில் வைத்திருப்பவனை வெறுங்கையால் எதிர்கொள்வது ஒரு பள்ளியில் உச்சப் பாடமாகவே இருந்தது. யாக்யூ முனெயோஷி 1594 இல், பின்னாளில் ஷோகுன் ஆன தொக்குகாவா இயெயாசுவின் முன் இதைச் செய்து காட்டினார். அந்த வித்தைக்குப் பெயர் 'முத்தோ', வாளின்மை. யாக்யூ குடும்பம் அதன்பின் ஷோகுன்களுக்கு வாளாசிரியர் குடும்பமானது. எனக்கு இதில் பிடித்த விஷயம், வாளில்லாமல் நிற்கும் கலையைக் கண்டுபிடித்தவர் வாழ்நாள் முழுக்க வாள் வீசிய மனிதர் என்பது. வாள் எங்கே வரும், எப்போது வரும் என்று தெரியாதவனுக்கு வெறுங்கை வெறுங்கைதான்.

சரி, எப்போது பிரிந்தது? 1868 இல் ஷோகுன்கள் போய், பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்தது. 1876 இல், படை, காவல் போன்ற சிலரைத் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று ஆணை. அதற்கு முன்பே வாளாசிரியர்களின் பிழைப்பு போய்விட்டது. சக்காகிபாரா கென்கிச்சி என்கிற பெரிய வாள்வீரர் 1873 இல் டோக்கியோவில் நுழைவுக் கட்டணம் வைத்து வாள்சண்டைக் காட்சி நடத்தினார், நம் ஊரில் கூடாரம் போட்டு சர்க்கஸ் நடத்துகிற மாதிரி. கேவலம் என்று திட்டியவர்கள் உண்டு. பட்டினி கிடந்திருக்க வேண்டுமா என்பது என் கேள்வி. 1877 இல் சத்சுமா சாமுராய்களின் கலகத்தை அடக்கப் போன காவல்துறையின் வாள்படை நன்றாகச் சண்டையிட்டது, அதன்பிறகுதான் காவல்துறை வாள்வீச்சைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. இன்றைக்கும் கெண்டோவில் காவலர்கள் கொடிகட்டிப் பறப்பதற்கு விதை அங்கே.

1882 இல் 21 வயது கானோ ஜிகோரோ, டோக்கியோவில் எய்ஷோஜி கோயிலில் 12 தத்தாமிப் பாய் விரித்த இடத்தில் கோதோகான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இரண்டு ஜூஜுட்சுப் பள்ளிகளில் கற்றதை எடுத்து, ஆபத்தானதைப் போட்டிக்கு வெளியே நிறுத்தி, ஜூடோ என்று பெயர் வைத்தார். 1911 வாக்கில் ஜூடோவும் வாள்வீச்சும் நடுநிலைப் பள்ளிகளில் பாடமாக அனுமதிக்கப்பட்டன. தனித்தனிப் பாடம், தனித்தனி ஆசிரியர், தனித்தனி உடை. வாள் பக்கம் போனவர் எறியக் கற்கவில்லை, எறியக் கற்றவர் வாளைத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கெண்டோவில் கட்டிப் புரண்டு காலை வாரிவிடுவதெல்லாம் இருந்தது, இப்போது செய்தால் தவறு என்று கொடி ஆட்டுவார்கள்.

கானோவுக்கு இந்த இழப்பு தெரிந்தே இருந்தது. ஜூடோவின் 'கிமெ-நோ-கட்டா' என்ற வரிசையில் இருபது உத்திகள், அவற்றில் குட்டை வாளோடும் நீண்ட வாளோடும் வருபவனைச் சமாளிப்பது உண்டு. ஒலிம்பிக் ஜூடோ மட்டும் பார்த்தவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1930 இல் உஎஷிபா மொரிஹெய்யின் பயிற்சியைப் பார்க்கப் போன கானோ, தன் மாணவர் சிலரை அங்கே கற்க அனுப்பினார். அந்த உஎஷிபாதான் பின்னாளில் ஐகிடோவின் நிறுவனர். அவருக்குக் கற்றுக்கொடுத்த தக்கேதா சொக்காக்கு ஊர் ஊராகச் சென்று பாடம் நடத்திய வாள்வீரர். ஆக, என்னைப் பாயில் போட்ட அந்த அம்மாவின் கைக்குள் வாள் இருந்தது தற்செயல் இல்லை.

கராத்தே இந்தக் கதைக்குள் வராது. அது ஒகினாவாவில் வளர்ந்தது. 1922 இல் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் பெரும்பாலான ஜப்பானியருக்கே தெரியவந்தது. அதுவரை 'சீனக் கை' என்று எழுதப்பட்ட பெயர் பிறகு அதே ஒலியில் 'வெறுங்கை' என்று மாற்றி எழுதப்பட்டது. இங்கே ஒரு தமிழர் வந்து "காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் இவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்" என்று சொல்லியே தீர்வார். நானும் சொல்லியிருக்கிறேன், முதல் மாதத்தில், பெருமையாக. போதிதர்மரோடு உடற்பயிற்சியை இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டுச் சீனாவில் வந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பின்னால். தியானத்துக்கு அவரைக் கொண்டாடுவோம், அதற்கே அவர் போதும்.

வாள் விஷயம் புரிந்தபின் எனக்கு ஆயுதத்தின் மீது ஆசை வந்துவிட்டது. அதே அரங்கின் மாடியில் ஞாயிறு காலைகளில் ஜோ வகுப்பு. ஜோ என்பது வெள்ளை ஓக் மரத்தில் செய்த உருட்டுக் கம்பு, 128 செ.மீ. நீளம், 2.4 செ.மீ. குறுக்களவு. நம் சிலம்பக் கம்போடு ஒப்பிட்டால் குட்டை, சுழற்றுவதும் குறைவு. அதைப் பற்றிய பழைய வரி ஒன்று உண்டு: குத்தினால் ஈட்டி, வீசினால் நகினாத்தா, பிடித்தால் வாள்.

இதற்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். முசோ கோன்னோசுக்கே என்பவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட கம்போடு ஊர் சுற்றியவர். புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோத்தோ முசாஷியிடம் தோற்றார். முசாஷி இரு வாள்களையும் குறுக்காக வைத்து அவர் கம்பைச் சிக்கவைத்துவிட்டாராம். கோன்னோசுக்கே கியூஷு தீவில் ஹோமன் மலைக்குப் போய் நோன்பிருந்தபோது கனவில் ஒரு வாக்கு கேட்டது: 'உருண்டைக் கட்டையால் சுய்கெத்சுவை அறி.' சுய்கெத்சு என்றால் நேர்ப்பொருளில் நீரில் தெரியும் நிலா, உடம்பில் நெஞ்சுக்குழிக்கும் அதே பெயர். கம்பைக் குட்டையாக்கினார், வாளைவிடச் சற்றே நீளமாக. மறுபடி போய் முசாஷியை வென்றார் என்பது ஜோ பக்கத்துக் கதை. முசாஷி பக்கத்தில் அப்படி ஒரு தோல்வியே இல்லை. இரு பக்கமும் அவரவர் சொல்வதைச் சொல்லட்டும். ஃபுக்குஓக்காவின் குரோதா பிரபுக்களின் ஆட்சிப்பகுதியில் இந்தக் கலை மெய்ஜி காலம்வரை வெளியே போகாமல் பாதுகாக்கப்பட்டது என்பது வரலாறு.

ஜோ வகுப்பில் நான் அதிர்ந்தது கம்பைப் பார்த்து இல்லை, யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பார்த்து. பயிற்சி முழுக்க ஜோடியாகத்தான், முன்கூட்டியே அமைத்த அசைவுகளின் வரிசையாக. அதைக் கட்டா என்பார்கள். ஒருவர் கையில் மரவாள், இன்னொருவர் கையில் ஜோ. எப்போதும் ஜோதான் ஜெயிக்கும். வாளைப் பிடிப்பவர் மூத்தவர். அதாவது தோற்பது ஆசிரியரின் வேலை. தாக்குகிற அந்தப் பாத்திரத்துக்கு உச்சிதாச்சி என்று பெயர். சரியான தூரத்திலிருந்து, சரியான நேரத்தில், உண்மையாக வெட்ட வந்து, கற்பவர் செய்தது சரியாக இருந்தால் மட்டும் தோற்றுப்போக வேண்டும். கற்பவர் தவறினால் அந்த வாள் அவர் தலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நிற்கும். எழுபதைத் தாண்டிய எங்கள் ஆசிரியர் நாற்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தோற்றுக்கொண்டிருக்கிறார். பழைய வாள்பள்ளிகளிலும் இதே ஏற்பாடுதான்.

இந்த இடத்தில் எனக்கு ஐகிடோவோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. அங்கே இது தலைகீழாகிவிட்டது. ஆசிரியர்தான் எப்போதும் எறிவார், மாணவர் விழுவார். பத்து வருடம் மரியாதையாக விழுந்து பழகிய மாணவன் ஆசிரியர் விரலை அசைத்தாலே பறக்கிறான். இணையத்தில் ஐகிடோக் காணொளிகளைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தோற்கிற வேலையை மூத்தவர் செய்தால் பொய் நுழைய இடம் குறைவு.

தூரம் என்று சொன்னேன். ஜப்பானியத்தில் 'மா-அய்'. எனக்கு அது வரவே இல்லை. இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு, சென்செய் வெட்ட வந்தார், நான் விலகி ஜோவை நீட்டினேன், அரையடி கூடுதலாக நுழைந்துவிட்டேன். கம்பின் நுனி சரியாக அவர் நெஞ்சுக்குழியில். கோன்னோசுக்கே மலையில் நோன்பிருந்து பெற்ற சுய்கெத்சுவை நான் கவனக்குறைவால் அடைந்தேன். அவர் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் பாயில் நெற்றி பட மன்னிப்புக் கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மூச்சு சீரானதும் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "தூரத்தை வைத்திருக்க வேண்டியவன் உச்சிதாச்சி. நான் அரையடி கிட்டே வந்துவிட்டேன். உங்கள் குத்து நன்றாக இருந்தது." அரையடி கிட்டே போனவன் நான்தான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை ஐகிடோவில் யாராவது என் மணிக்கட்டைப் பிடிக்கும்போது பிடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் எவ்வளவு தொலைவிலிருந்து கிளம்பினார் என்று பார்க்கிறேன். கை வந்து சேர்ந்தபின் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. அந்த அம்மா இன்னும் என்னைக் கீழே போடுகிறார், முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.

1930களில் ஷிமிசு தக்காஜி என்னும் ஜோ ஆசிரியர் டோக்கியோ காவல்துறைக்கு இதைக் கற்றுக்கொடுத்தார், கலவரத் தடுப்புப் படையின் கையில் இன்றும் இந்தக் கம்பு உண்டு. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன மாதம் வகுப்பு முடிந்து துணிப்பையில் ஜோவோடு ரயிலுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் பையை மேலிருந்து கீழாக அளந்தார். பொதுவாக மீன்பிடிக்கவா என்பார்கள். இவர் "கெண்டோ இல்லை. ஜோவா?" என்றார். ஆமாம் என்றேன். எங்கே, யாரிடம், எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு, தானும் காவல்துறையில் இருந்தபோது கற்றதாகச் சொன்னார். அப்புறம் கையிலிருந்த குடையின் நுனியை, ஒரு பேச்சும் இல்லாமல், என் கண் உயரத்துக்குத் தூக்கினார். நான் என்னை அறியாமல் பின்னால் போனேன்.

"கொஞ்சம் அதிகம்" என்று குடையை இறக்கினார். "அரையடி போதும்."

ரயில் வந்தது.